மூன்று நிமிடத் தியாகலிங்கம்

வெண்ணெய்க் கத்தியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார் தியாகலிங்கம். பச்சைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே நீலம். ஒவ்வொரு நிறம் வெளிவரும்போதும் சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். தூளெல்லாம் என் தலையில்தான்.

"தம்பி, இந்த ஆள் ஏழு சட்டை போட்டிருக்கிறார். அடிச் சட்டையைக் கண்டால்தான் ஆளின்ரை குணம் தெரியும்" என்றார் மேலேயிருந்து.

'ஆள்' என்றது, ஏவன்டேல் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் பழைய நாடக அரங்கை. இருநூறு பேர் நெருக்கியடித்து உட்காரலாம். 1924இல் பியெத்ரோ என்ற இத்தாலியச் சுதை வேலைக்காரர், தான் பிறந்த சிற்றூரின் அரங்கை மனதில் வைத்துக்கொண்டு கட்டியது. நாடகம் போய்ப் படம் வந்தது. படம் போய்க் கம்பளம் அடுக்கும் கிடங்கானது. கடைசியில் புறாக்கள் குடியேறின. இடிக்க இருந்ததை ஊர்க்காரர்கள் சண்டை போட்டு மீட்டு, இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் தாங்களே பழுது பார்த்தார்கள். தியாகலிங்கத்தை யாரும் கூப்பிடவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர், சுண்ணாம்புக் கலவை பிழை என்றார். அது உண்மையாகவும் இருந்து தொலைத்ததால் அவரை விரட்ட வழியில்லாமல் போயிற்று.

யாழ்ப்பாணத்தில் அவர் ஓவசியர். பதினொரு பள்ளிக்கூட மண்டபங்கள் கட்டுவித்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கடல்தாண்டி இங்கே வந்து, கிழமை நாட்களில் ரொட்டித் தொழிற்சாலையில் பாணைப் பைக்குள் போடுகிறார். அதைப் பற்றிக் கேட்டால், "பாணையும் நேராய் அடுக்கத்தானே வேணும்" என்பதோடு சரி. ஆனால் திறப்புவிழாக் கல் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முகம் மாறிவிடும்.

"பதினொரு கல்லிலையும் மந்திரியின்ரை பேர்தான் தம்பி. மேசனுக்கு இருக்க ஒரு கதிரைகூடப் போடேல்லை. நானும் வாயைத் திறக்கேல்லை."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் நம்மைப் பார்ப்பதில்லை.

அந்தக் கணக்கை இங்கே தீர்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைக் கிளறி, கிழவர் கிழவிகளின் வீட்டுக் கதவைத் தட்டி, அரங்கின் சரித்திரத்தை நாற்பத்தொரு பக்கம் எழுதினார். திறப்புவிழாவில் அதைப் படிக்க வேண்டும். அதுதான் ஆசை. அரங்குக் குழுவின் செயலாளர் பெவர்லி மூன்று நிமிடம் கொடுத்தார். நேரம் முடிந்ததும் அடிக்கக் கையில் ஒரு பித்தளை மணியும் வைத்திருந்தார். கவுன்சிலருக்கும் அதே மணிதான் என்றார்.

"சட்டம் எண்டால் சட்டம்தான்" என்று தியாகலிங்கம் ஒப்புக்கொண்டார். நாற்பத்தொன்றை ஒரு பக்கமாக வெட்டினார். வெட்டிய ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெருமூச்சு.

ஒத்திகை அவர் வீட்டுச் சமையலறையில். மனைவி இராசமலர், முட்டை அவிய நேரம் பார்க்கும் மூன்று நிமிட மணிக்கூட்டை மேசையில் வைத்தார். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மதிப்புக்குரிய..." என்று ஆரம்பித்தார். வெட்டிப் போட்ட பெயர்களெல்லாம் பின்கதவால் உள்ளே வர ஆரம்பித்தன.

"இஞ்சருங்கோ, வணக்கம் சொல்லி முடிக்க முந்தி முட்டை அவிஞ்சு போச்சு. சரித்திரத்துக்கு எப்ப வரப்போறியள்?"

"மரியாதை நேரக் கணக்கிலை வராது."

"அது பெவர்லிக்குத் தெரியுமோ?"

"உலகத்துக்கே தெரியும். நீங்கள் சொல்லுங்கோ தம்பி."

நான் மதுரைக்காரன். வரவேற்புரைக்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம் என்ற ஊரில் வளர்ந்தவன். "ஆமாங்க, அதெல்லாம் கணக்குல வராது" என்றேன். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அரங்கு நிறைந்து வழிந்தது. மேடை விளக்கு தியாகலிங்கத்தின் கண்ணில் அடித்தது, எதிரே இருட்டு. பேசியது ஆங்கிலம்தான், ஆனால் நம் சபைகளின் ஆங்கிலம். தலைவர் அவர்களே, கவுன்சிலர் அவர்களே என்று முறையாகத் தொடங்கி, முதல் வரிசைக்கு வந்தார். "1931இல் இந்த வாசலில் டிக்கெட் கிழித்த மிஸ் டோரத்தி அவர்களே!" பெயர் சொன்னால் எழுந்திருக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து அந்த அம்மாள் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். "ஒன்பது வாளி புறா எச்சம் அள்ளிய கெவின் அவர்களே!" கெவினும் எழுந்தார். "மழைக்குள் கூரைத் தகரம் மாற்றிய டோங்காச் சகோதரர்களே!" நான்கு பேர் எழ, பின்னாலிருந்தவர்களுக்கு மேடை மறைந்தது. "பியெத்ரோவுக்குச் சுண்ணாம்பு குழைத்துக் கொடுத்தவரின் பேரன், ஆறாம் வரிசை ரே அவர்களே!" முதலில் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. ரே மூக்கைச் சிந்தும் சத்தம் எனக்குக் கேட்டது.

"கல்லாப் போச்சு முட்டை" என்றார் பக்கத்திலிருந்த இராசமலர்.

மணி அடித்தது.

ஒரு பெயரின் நடுவில் அப்படியே நிறுத்திவிட்டார். எழுதி வந்த பக்கம் கையில் பிரிக்காமலே இருந்தது. "நான் இன்னும் தொடங்கவில்லை" என்று ஒலிவாங்கியில் மெல்லச் சொன்னார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். நன்றி என்றார்.

அரங்கின் விளக்குகளைப் போட்டார்கள். பெயர் சொன்னவர்கள் மட்டுமல்ல, இருநூறு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்; கவுன்சிலரும் பெவர்லியும்கூட. தியாகலிங்கம் திகைத்துப்போனார். அவசரமாகக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி, வந்திருக்கும் பெரிய மனிதர் யார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.