வலப்பக்கம் மட்டும் மாற்றிக் கொடுத்த ஜமீலா அக்கா

சனிக்கிழமை காலை, பிரிக்பீல்ட்சில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் ஃபாத்திமா என்று பெயர் வந்தது. ஜமீலா அக்காவின் தங்கை. அவர் என்னை அழைப்பது வழக்கமில்லை.

"அக்கா, லாத்தா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாங்க, எழுந்திரிக்கல."

எந்த லாத்தா என்று கேட்டேன். ஃபாத்திமாவுக்கு இருப்பது ஒரே அக்காதான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். முந்தின நாள் மாலைதான் ஜமீலா அக்கா போர்ட் கிள்ளானில் எங்கள் அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஆள் எப்படி இல்லாமல் போக முடியும்?

"எப்ப எடுக்குறீங்க? நாளைக்கா?" என்றேன்.

"இல்லக்கா. லுஹர் தொழுகைக்கு எடுத்துருவாங்க."

எங்கள் வீடுகளில் உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை வைத்திருப்பார்கள். அழுது ஓயவும் நேரம் கிடைக்கும். இத்தனை வருடம் பழகியும் இந்த அவசரம் எனக்குப் பிடிபடவில்லை. காலையில் செய்தி, மதியம் மண். தோசை வந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். வெளியே மழை பிடித்திருந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சரக்குப் பெட்டிகளை அனுப்பும் எங்கள் நிறுவனத்தில் பில் போடும் பிரிவை நடத்தியவர் அவர். ஆனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பில் இல்லை, கார் கண்ணாடி துடைக்கும் வைப்பர். சாப்பாட்டு நேரத்தில் கார்களுக்கு நடுவே ஒரு சுற்று நடப்பார். ஒவ்வொரு வைப்பரின் ரப்பரையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். வெயிலில் காய்ந்து விறைத்துப்போன ரப்பர் என்றால் அந்த வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போய்விடுவார். மாற்றச் சொல்லி அவர் போடும் உத்தரவு அது. எங்களுக்கெல்லாம் அது பழகியிருந்தது.

ஜோகூரிலிருந்து வந்த புதிய மேலாளருக்கு அது தெரியாது. இந்த ஊர் அடுக்குமாடிகளில் ஒருவருடைய வைப்பரைத் தூக்கி வைத்தால், என் இடத்தில் நிறுத்தாதே என்று பொருள். மனிதர் பயந்துபோய்க் காரை அடுத்த இடத்துக்கு மாற்றினார். மறுநாளும் வைப்பர் நின்றது. சுவரோரமாக மாற்றினார், அங்கேயும் நின்றது. கடைசியில் எங்கள் அறைக்கே வந்து, யாருடைய இடத்தைப் பிடித்துவிட்டேன் என்று பாவமாகக் கேட்டார். ஜமீலா அக்கா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இடம் உங்களதுதான் போஸ். ரப்பர்தான் செத்துப்போச்சு."

ஏன் இவ்வளவு அக்கறை என்று எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருப்போம். உள்ளே ஏதோ ஒரு கதை இருக்கும் என்று நினைத்துக் கேட்டோம். "மழ பெய்யுற ஊருலா. வேற என்ன காரணம் வேணும்?" என்பார். அதற்கு மேல் ஒன்றும் பெயராது.

ஒரு சரஸ்வதி பூசை நாள். அலுவலக லோரிகளோடு சேர்த்து என் சின்னக் காருக்கும் பூசை போட்டேன். ஆசை மிகுந்து கண்ணாடியிலேயே மூன்று பட்டை சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வைப்பரில் மல்லிகைச் சரத்தையும் சுற்றிவிட்டேன். அன்று மாலை அவரை வீட்டில் இறக்கிவிடப் புறப்பட்டோம். பண்டமாரானை நெருங்கும்போது மழை கொட்டியது. வைப்பரைத் தட்டினேன். சந்தனமும் குங்குமமும் பூவும் சேர்ந்து கண்ணாடி முழுக்க மஞ்சள் குழம்பானது. முன்னால் லோரி இருக்கிறதா, வாய்க்கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எப்படியோ ஓரம் கட்டினேன். அவர் மழையில் இறங்கி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, பூச்சரத்தை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். கீழே போடவில்லை.

"பொட்டு வைங்க புவனா, நான் வேணாங்கல. சாமிக்கும் ரோடு தெரியணும்ல."

அடுத்த வருடம் பூசைக்கு அவரே பக்கத்தில் நின்றார். சந்தனத்தைக் கையில் எடுத்தவர்களுக்கெல்லாம் பானெட்டில் இடம் காட்டினார். தலையில் முக்காடோடு ஒருவர் நின்று, இங்க வைங்க, அங்க வேணாம் என்று பூசை நடத்திவைத்ததைப் பார்த்து லோரிக்காரர்கள் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை நடந்தது இதுதான். என் கார் வைப்பர் இரண்டும் கண்ணாடியில் தண்ணீரைக் கோடு கோடாக விட்டுக்கொண்டிருந்தன. எத்தனை முறை சொல்வது என்று திட்டியபடியே தன் காரிலிருந்து புதியதை எடுத்து வந்தார். துணியை மடித்துக் கண்ணாடி மேல் போட்டார். ரப்பரைக் கழற்றிய பிறகு வெறும் இரும்புக் கை தவறி விழுந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்பதால், அந்தத் துணி இல்லாமல் அவர் கை வைக்கவே மாட்டார். வலப்பக்கத்து நீளமானதை மாட்டி, 'டக்' என்ற சத்தம் கேட்டதும் தலையாட்டினார். இடப்பக்கத்துக்கான சின்ன அளவு கைவசம் இல்லை. ஓட்டுகிறவருக்கு முதலில் தெரியட்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை அந்தக் காரில்தான் கிள்ளானுக்குப் புறப்பட்டேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் சுபாங் தாண்டியதும் மழை அறைய ஆரம்பித்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாம் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கிவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் ஒதுங்கியிருப்பேன். எனக்கு மழையில் ஓட்டப் பயம். ஆனால் ஒதுங்கினால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. கடிகாரத்தைப் பார்ப்பதும் முன்னால் போகும் லோரியின் சிவப்பு விளக்கைப் பார்ப்பதுமாக ஓட்டினேன். இடப்பக்கக் கண்ணாடி கஞ்சி பூசியதுபோல் இருந்தது. என் பக்கம் மட்டும் பளிச்சென்று சாலை தெரிந்தது. நேற்று இந்த ரப்பரைத் தொட்ட கை இன்று இல்லை என்பதை நம்ப முடியாமல், வாய்விட்டு அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

பண்டமாரானில் அவர் வீட்டு வாசலில், உடலை ஏற்ற வந்த ஜனாஸா வண்டி பின்கதவைத் திறந்து நின்றது. ஃபாத்திமா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"முகத்த மூடப்போறாங்க. பாத்துருங்கக்கா."

பார்த்தேன். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. தூங்குகிற முகம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த முகம் எதற்கும் பதில் சொல்லாது என்பது பார்த்த உடனே தெரிந்தது. அழுகை வரவில்லை, திகைப்புத்தான். யாரோ துணியை இழுத்து மூடினார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஈர உடையோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்தேன். நாளைக்கு என்ற சொல்லை அவர் ஒருபோதும் தனியாக விட்டதில்லை. இன்ஷா அல்லாஹ் என்று சேர்த்தே சொல்வார். கப்பல் நாளை வரும் என்று வாடிக்கையாளரிடம் சொன்னாலும் அது கூடவே வரும். "கம்பெனிதான் அட்டவணை போட்டிருக்கே அக்கா, அதுக்குமா?" என்று நான் கிண்டல் செய்வேன். "அட்டவணை அவங்க போட்டது" என்பார்.

திங்கட்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது. அவருடைய தொலைபேசி அடித்தது, நான் எடுத்தேன். ஒரு வாடிக்கையாளர், தன் பெட்டி எப்போது கைக்கு வரும் என்று கேட்டார். திரையில் தேதி இருந்தது. "நாளைக்கு" என்று ஆரம்பித்தேன், கண் அந்தக் காலி நாற்காலிக்குப் போனது. அந்தப் பக்கம் வாடிக்கையாளர், "ஹலோ, ஹலோ மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்து, "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லி முடித்தேன்.