ஆவுடைச்செல்வி கவுனாசில் இருந்த ஐந்து மாதம்

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சங்கரநயினார் தாலுகா அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ராஜபாளையத்திலிருந்து போன் வந்தது. பேசியது மாப்பிள்ளையின் தாய்மாமா. பையனுக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லையாம், மன்னிக்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அதான் சொல்லிட்டேனே அண்ணாச்சி" என்று வைத்துவிட்டார்.

தை மாதம் நடக்க வேண்டிய கல்யாணம். சங்கரன்கோவிலில் பாதி வீடுகளுக்குப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது.

மணப்பெண்ணான அவர் மகள் ஆவுடைச்செல்வி அப்போது மதுரையில் எம்.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்து விடுதியிலிருந்து ஊருக்கு வந்தவளுக்கு, மாப்பிள்ளை வேண்டாம் என்றது பெரிதாகத் தைக்கவில்லை. ஊர் அதற்குக் கண்டுபிடித்த காரணங்கள்தான் தைத்தன. அவர்கள் காரணம் சொல்லாமல் விட்டதால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஜாதகத்தில் கோளாறு என்றார்கள். மதுரையில் யாரோ பையன் என்றார்கள். பக்கத்து வீட்டு சங்கரேஸ்வரி அத்தை ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி செல்வி, நீ கவலப்படாத. அவளுக்கு உடம்புல ஒரு குறையும் கெடையாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். தன் உடம்பைப் பற்றியும் ஒரு பேச்சு ஓடுகிறது என்பது செல்விக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று மத்தியானமே கல்லூரிப் பேராசிரியருக்கு போன் செய்தாள். லிதுவேனியா நாட்டில் கவுனாஸ் என்ற ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிக்க, உதவித்தொகையோடு ஆகஸ்டில் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கல்யாணத்தைக் காரணம் காட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

"இடம் காலியாத்தான் இருக்கும்மா. பாஸ்போர்ட் இருக்கா?" என்றார் பேராசிரியர்.

இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் தேவைப்படும் என்று மாப்பிள்ளை வீட்டார் எடுக்கச் சொன்ன பாஸ்போர்ட்.

அப்பாவிடம் சொன்னாள். அவர், "அங்கன நமக்கு யாரு இருக்கா?" என்றார்.

"யாரும் இல்லப்பா."

"அதான் கேக்கேன்."

"யாரும் இல்லன்னுதான் போறேன்பா."

சங்கரநயினார் மகளை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி முதல் வாரம் அவள் கவுனாசில் இறங்கினாள். ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் ஓரம் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. மாணவர் விடுதியின் நாலாவது மாடியில், ஜார்ஜியா நாட்டிலிருந்து வந்திருந்த நினோ என்ற பெண்ணோடு ஒரே அறை. பேருந்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடையில் சாமான்களை எடுத்து வைத்தால் கணக்குப் போட்டுத் தருகிற பெண் முகத்தை நிமிர்த்தவே இல்லை. மற்ற இந்திய மாணவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்கள். செல்விக்கு அதுதான் வேண்டியிருந்தது. யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு, எப்போது கல்யாணம் என்று கேட்க அந்த ஊரில் ஒரு ஆள் இல்லை. மூன்று மாதமாக விட்டு விட்டுத் தூங்கியவள் அங்கே பத்து மணி நேரம் தூங்கினாள்.

"குளிரு எப்படிட்டி இருக்கு?" என்று போனில் கேட்டாள் அம்மா சண்முகசுந்தரி.

"நல்லா தூங்குதேம்மா" என்றாள் செல்வி.

மார்ச் நடுவில் காய்ச்சல் வந்தது. நினோ தோழிகளோடு வேறு ஊருக்குப் போயிருந்தாள். முதல் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள். இரண்டாம் நாள் தண்ணீர் பிடிக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை. தாழ்வாரத்தில் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ஒருவரும் கதவைத் தட்டவில்லை. தட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவள்தான் யாரிடமும் ஒட்டவில்லையே. ஊரில் என்றால் இந்நேரம் சங்கரேஸ்வரி அத்தை ரசத்தோடு வந்து உட்கார்ந்திருப்பாள், காய்ச்சலுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பாள் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் அழுகை வந்தது.

மூன்றாம் நாள் நினோ திரும்பி வந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பையைக்கூட இறக்காமல் கீழே ஓடி எலுமிச்சையும் மாத்திரையும் வாங்கி வந்தாள். கோழி போட்டு சூப் வைத்தாள். கோழி சாப்பிடாத செல்வி அதைத் தள்ளி வைக்க, முணுமுணுத்துக்கொண்டே உருளைக்கிழங்கு போட்டு இன்னொரு சூப் வைத்தாள். காய்ச்சல் இறங்கிய பிறகு கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. இருவரும் சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

"ஆறு வாரம் ஒரே அறையில் இருக்கிறோம். உனக்கு அண்ணன் தம்பி உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது. எதற்காக இவ்வளவு தூரம் ஓடி வந்தாய்?"

செல்வி சொல்ல ஆரம்பித்தாள். நிச்சயதாம்பூலத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது, நாலு தெருவுக்குப் பத்திரிகை வைத்த பிறகு கல்யாணம் நின்றால் என்ன ஆகும் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் தெரிந்த வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னாள்.

"எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று தெரியாது."

நினோ காத்திருந்தாள். "அப்புறம்?"

"அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு செல்வியே திகைத்தாள். இத்தனை மாதம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது மூன்று வரியில் முடிந்துவிட்டது.

"உனக்கு அவனைப் பிடித்திருந்ததா?"

இந்தக் கேள்வியை ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. நிச்சயத்துக்குப் பிறகு அவனோடு பத்துப் பதினோரு தடவை போனில் பேசியிருப்பாள். என்ன பேசினான் என்று யோசித்துப் பார்த்தாள்.

"அவருடைய அடுக்குமாடியில் கார் நிறுத்த இடம் போதவில்லை. அதைப் பற்றித்தான் பேசுவார்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்."

நினோ சிரிக்க ஆரம்பித்தாள். செல்விக்கும் சிரிப்பு வந்து, இருமலில் போய் முடிந்தது.

மறுநாள் அம்மாவிடம் இதைச் சொன்னாள். அவரைப் பிடித்ததா இல்லையா என்றே தனக்குத் தெரியவில்லை, அதனால் அம்மா இனி தனக்காக அழ வேண்டாம் என்றாள். சண்முகசுந்தரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு அந்தப் பையனோட அம்மாவ மொதல்லயே பிடிக்கலட்டி" என்றாள். "நிச்சயத்தன்னைக்கு சொதிக் கொழம்புல தேங்காப்பால் பத்தலன்னு நாலு பேரு கேக்கச் சொன்னா. நான் உங்கப்பாட்டகூடச் சொல்லல."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்லாம்மா."

"எப்படிச் சொல்ல? நல்ல எடம்னு எல்லாரும் சொன்னாவ."

அன்றைக்கு அவர்கள் முக்கால் மணி நேரம் பேசினார்கள். அந்த வீட்டாரிடம் பிடிக்காத விஷயங்களை அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கேட்கக் கேட்க செல்விக்கு உடம்பே லேசானது போலிருந்தது.

அதற்குப் பிறகு அவள் நினோவின் தோழிகளோடு வெளியே போனாள். பொதுச் சமையலறையில் புளியோதரை செய்து எல்லோருக்கும் கொடுத்தாள். இரண்டு பேர் மறுபடி கேட்டு வாங்கினார்கள். அறுபது வருஷக் கணக்கை வைத்து ஒவ்வொரு குளிர்காலமும் அந்த ஆறு எத்தனை நாள் உறைகிறது என்று ஆய்வு செய்தாள். ஜூனில் அதை எல்லோர் முன்னாலும் விளக்கிப் பேசினாள். பேசி முடித்ததும் பேராசிரியை இரண்டே கேள்வி கேட்டுவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்றார்.

ஜூன் கடைசியில் ஊர் திரும்பினாள். மதுரையிலிருந்து வந்த பேருந்து ராஜபாளையத்தைத் தாண்டிக் கரிவலம்வந்தநல்லூரை நெருங்கியபோது, பழைய பயம் திரும்பி வந்தது. இனி ஒவ்வொருவராக வந்து கையைப் பிடிப்பார்கள்.

அன்று சாயங்காலமே சங்கரேஸ்வரி அத்தை வந்தாள். செல்வி மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"அங்கன நம்ம அரிசி கெடைக்குமாட்டி?" என்றாள் அத்தை.

"கெடைக்கும் அத்தை."

"அது போதும். ஏட்டி, உனக்கு விஷயம் தெரியுமா? தெரு முக்கு வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் நடுவுல சுவரு எழுப்பிட்டானுவ. கெணறு அண்ணன் பக்கம் போயிட்டு. தம்பி பொண்டாட்டி தெருக்குழாயில நிக்கா."

யார் எந்தப் பக்கம், வக்கீல் யார், சுவரை இடிக்கச் சொல்லி உத்தரவு வருமா என்று ஒரு மணி நேரம் சொன்னாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் எழுந்து போனதும் செல்வி அம்மாவைப் பார்த்தாள்.

"மறந்துட்டாவளாம்மா?"

"கெணத்துப் பிரச்சினை வந்த பொறவு யாரு நம்மள நெனைக்கா?" என்றாள் சண்முகசுந்தரி.

ஆடி பிறந்து சில நாளில் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றிலிருந்து வேலைக்கு உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் சங்கரநயினார் மெல்ல ஆரம்பித்தார். "மறுபடி எடம் பார்க்கவா, இல்ல பொறுக்கவா?"

"ரெண்டு வருஷம் போகட்டும்பா."

"சரி. யாராவது கேட்டா என்ன சொல்ல?"

"வேலைக்குப் போறான்னு சொல்லுங்க."

சங்கரநயினார் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவளே" என்றார். அவர் குரலில் கொஞ்சம் குறை இருந்த மாதிரியும் தோன்றியது. செல்வி சிரித்துவிட்டு, அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு உதவப் போனாள்.