மௌஸைத் தொடாத அத்தை

எங்கள் வீட்டுக் கூடத்தில் குறுக்கே பதினொரு டைல்ஸ், நெடுக்கே பதினாறு. கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, ஒரு விடுமுறை முழுவதையும் அந்தத் தரையில்தான் ஓடியும் நின்றும் கழித்தேன்.

என்னை ஓடவைத்தவள் அத்தை. அப்பாவின் தங்கை. புக்கிட் பெலிம்பிங் வீட்டில் எங்களோடு இருந்தாள். காலையில் மோட்டாரில் செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போய் ஆபீசைக் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பது அவள் வேலை. ஆலை வாசலில் செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுக்கும் மேடையும், அதை ஒட்டி ஒரு சின்ன அறையும் உண்டு. அந்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, லோரி எண்ணையும் தோட்டத்தின் பெயரையும் எடையையும் எக்செல்லில் பதிந்துகொண்டிருந்தவர், எல்லாரும் காக் என்று கூப்பிட்ட ஒரு மலாய் அக்கா. அவர் பிரசவ விடுப்பில் போகவிருந்தார். தன் இடத்தில் அத்தையை உட்கார வைக்கலாம் என்று அவரே மேனேஜரிடம் சொல்லிவிட்டார். "சனிக்கெழம செஞ்சி காட்டட்டும், பாப்போம்" என்றாராம் மேனேஜர். முடியாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும். அத்தைக்குப் பழையபடி வாளியும் துடைப்பமும்தான்.

அப்பா அதே ஆலைக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். சோற்றில் கை வைத்தபடியே சிரித்தார்.

"அப்ப இனிமே என் லோரிய நீதான் நிறுப்பியா? நான் எறங்கி நின்னு சலாம் போடணுமா?"

"போடாம உள்ள வந்துருவீங்களா? கேட்ட தொறக்க மாட்டேன்லா" என்றாள் அத்தை.

அந்த அறையில் எந்நேரமும் லோரிப் புழுதி. மௌஸ் ஒரு நாள் ஓடினால் மூன்று நாள் ஒட்டிக்கொள்ளும். அதனால் காக் எல்லாவற்றையும் கீபோர்டிலேயே செய்து பழகியிருந்தார். சாப்பாட்டு வேளைகளில் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே அத்தையும் கற்றுக்கொண்டாள். ஆனால் அந்த வழி அவளுக்குப் பிடித்துப்போனதற்குப் புழுதி மட்டும் காரணமில்லை. அத்தை தோட்டத்துப் பள்ளியை இரண்டாம் ஆண்டோடு விட்டவள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தெரியும். சேர்ந்து நின்றால் தெரியாது. மௌஸைப் பிடித்தவர் எங்கே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் படித்துத்தான் அழுத்த வேண்டும். விரல்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. தோட்டங்களின் பெயர்களைக்கூட முதல் எழுத்தையும் நீளத்தையும் வைத்தே அவள் அடையாளம் கண்டாள்.

இதெல்லாம் பின்னால் எனக்கே வேலை கிடைத்து, அவளோடு உட்கார்ந்து பேசக் கற்றபிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை என்னைப் படிக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள் என்பதுதான். பிஸ்கட் டின், மருந்துச் சீட்டு, பஸ் ஸ்டாப்பில் ஒட்டிய நோட்டீஸ். "ஐயா, இத படி பாப்போம்" என்பாள். எனக்குப் பரீட்சை வைக்கிறாள் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படிப்பேன்.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆலையில் தூக்கிப்போட்ட பழைய கீபோர்டு ஒன்று இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அத்தை நாற்காலியில் உட்காருவாள். தரைதான் எக்செல். துணி கிளிப் வைத்த டைலில் எண் இருக்கிறது என்று பொருள். வெறும் டைல் காலிக் கட்டம். இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று காட்டும் குறி நான்.

"கண்ட்ரோல், கீழ!" என்றால் கிளிப்புகள் முடியும் இடம்வரை ஓடிப்போய் நிற்க வேண்டும். நடுவில் ஒரு டைல் காலியாக இருந்தால் அதற்கு முந்தியதிலேயே நின்றுவிட வேண்டும். ஷிப்டையும் சேர்த்து அழுத்தினாள் என்றால் அவளுடைய கைலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுவேன். கைலி மூடிய கட்டங்களெல்லாம் தேர்ந்தெடுத்த கட்டங்கள். கண்ட்ரோலும் டியும் வந்தால், முதல் டைலில் என்ன கோணங்கி முகம் காட்டினேனோ அதே முகத்தைக் கீழே ஒவ்வொரு டைலிலும் காட்ட வேண்டும். கண்ட்ரோலும் ஹோமும் என்றால் முதல் கட்டமான வாசல் மூலைக்கு ஓட்டம்.

"அத்த, இதுக்கு கீழ எங்க முடியும்?"

"காலிக் கட்டத்துல கண்ட்ரோல் கீழ அமுக்கி காக் ஒருவாட்டி பாத்தாங்களாம். பத்து லட்சத்துக்கும் மேல போவுதாம்."

மத்தியான மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருக்கும். சுவர் இருக்கும் இடத்தில் சுவர் இல்லாததுபோல் எனக்குத் தோன்றும். கட்டங்கள் சுவருக்கு அடியில் புகுந்து, சாக்கடையைத் தாண்டி, வரிசை பிசகாமல் நிற்கிற செம்பனைகளுக்குள் போய், அங்கே ஒவ்வொரு மரமும் ஒரு கட்டத்தில் நிற்கும். பட்டுப்போன மரத்தின் இடத்தில் நான் நிற்பேன். யாரோ எங்கிருந்தோ ஒரு விரலால் என்னைத் தூக்கி அடுத்த வரிசையில் வைப்பார்கள். "டேய், தூங்கிட்டியா? எந்திரிச்சி மேல வா" என்று அத்தையின் குரல் வெகுதூரத்திலிருந்து வரும்.

சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

மேனேஜர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். முந்தின நாள் கணக்கை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தார். ஒரு லோரி இரண்டு முறை இருந்தது, ஒன்று விடுபட்டிருந்தது, தேதி இல்லை, மொத்த எடை இல்லை.

"மௌஸ் அந்தாண்ட இருக்கு பாரு" என்றார்.

"அது தூங்கட்டும் சார்."

காக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அத்தை ஆரம்பித்தாள். திரையில் பச்சை நிறச் சதுரம் ஓடியதைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். என்னைப்போலவே ஓடியது. காலிக் கட்டத்துக்கு முன்னால் என்னைப்போலவே நின்றது. இரட்டை வரிசை மறைந்தது. விடுபட்ட லோரிக்கு இடம் விலகிக் கொடுத்தது. முதல் கட்டத்துத் தேதி கடகடவென்று கீழே வழிந்தது. ஆல்ட்டையும் சமக்குறியையும் சேர்த்து அமுக்கி, என்டரைத் தட்டினாள். அடியில் மொத்தம் வந்து உட்கார்ந்தது.

"பரவால்லையே. சரி, மூடிட்டு எந்திரி."

அந்தச் சந்தோஷத்தில் அத்தை சேமிக்க மறந்து மூடப் பார்த்தாள். திரை நடுவில் ஒரு பெட்டி முளைத்தது. இரண்டு வரி ஆங்கிலம், கீழே மூன்று பொத்தான். காக் எப்போதும் சேமித்துவிட்டே மூடுகிறவர் என்பதால் அத்தை அதைப் பார்த்ததே இல்லை.

"என்னா கேக்குது?" என்றார் மேனேஜர்.

அத்தை என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "ஐயா, படி பாப்போம்."

எனக்குப் படிக்கத் தெரிந்தது. ஆனால் அத்தையின் பெருமை அதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றியது.

"அத்தைக்குத் தெரியும் சார்! எனக்குப் படிக்க வருதான்னு டெஸ்ட் பண்றாங்க. எப்பவும் இப்படித்தான்."

வெளியே ஒரு லோரி ஹார்ன் அடித்தது. அத்தையின் சிரிப்பு அப்படியே இருந்தது. அவள் கைகள் கீபோர்டுக்கு மேலே, அதைத் தொடாமல், கொஞ்ச நேரம் நின்றன. பிறகு இடது கை சுண்டுவிரல் மெல்ல மூலைக்குப் போய், ஏதாவது பிசகினால் காக் தட்டுகிற எஸ்கேப்பைத் தட்டியது. பெட்டி மறைந்தது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. கண்ட்ரோல், எஸ். மறுபடியும் மூடினாள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

"ஒண்ணும் இல்ல சார். போயிருச்சி."

மேனேஜர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, கணக்கைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார்.

"திங்கக்கெழம ஏழரைக்கெல்லாம் வந்துரு. மொத லோரி எட்டுக்கு வந்துரும்."

காக் அத்தையைக் கட்டிக்கொண்டார்.

திரும்பும்போது அத்தை நேரே வீட்டுக்குப் போகாமல் சுங்கை புரோங் பக்கம் மோட்டாரை விட்டாள். நடவுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்த வயல்கள் இரண்டு பக்கமும் வானமாகக் கிடந்தன. கொக்குகள் மேகத்தின்மேல் நின்றுகொண்டிருந்தன. அத்தை என் பக்கம் திரும்பாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் முன்னால் வாயைத் திறந்ததற்குக் கோபம் என்று நினைத்தேன்.

"ஐயா, அந்தப் பொட்டியில என்ன எழுதியிருந்திச்சி?"

"ஒங்களுக்குத்தான் தெரியுமே."

"நீ சொல்லேன்."

"டூ யூ வாண்ட் டு சேவ் த சேஞ்சஸ் யூ மேட்."

"மெதுவா சொல்லு. ஒவ்வொண்ணா."

சொன்னேன். அவள் காற்றுக்கு எதிராக ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னாள். டூ. யூ. வாண்ட். மறுபடியும் கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது எனக்கு ரோசம் வந்துவிட்டது. நான் இழுத்து இழுத்துப் படிப்பதை நடித்துக் காட்டிக் கேலி செய்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

"டூ யூ வாண்ட்... அப்பறம்? அப்பறம் என்னடா?"

அவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

"சொல்லுடா ஐயா. அப்பறம்?"

வயல்களெல்லாம் தாண்டிப் போகும்வரை அத்தை அந்த மூன்று சொல்லையே சொல்லிச் சொல்லி நிறுத்திக்கொண்டிருந்தாள். நான் வாயே திறக்கவில்லை. அவளை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.