தீரா என்றால் திறக்காதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தொழிற்சாலையில் ஒரு மனிதர் நசுங்கியிருப்பார். காரணம் — ஒரு வினைச்சொல்!

எப்படி என்று கேட்காதீர்கள். எனக்கே இன்னும் தலை சுற்றுகிறது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிளாஸ்டிக் கம்பெனியில் கடிதம் டைப் அடிக்கிறவள் நான். இத்தாலியிலிருந்து புது மெஷினும், அதைப் பொருத்திக் கொடுக்க ஓர் இன்ஜினீயரும் வருவதாக டெலக்ஸ் வந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க காலேஜ்ல பிரெஞ்சு படிச்சவங்கதானே? இத்தாலி பக்கத்து நாடுதானே... கத்துக்குங்க."

அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் தெலுங்கில் கவிதை எழுத வேண்டாமா?

ஒரு புத்தகம், ஒரு கேசட். குன்றத்தூரில் கம்பெனி பஸ் ஏறியதும் ஆரம்பிப்பேன். பார்லோ, பார்லி, பார்லா... பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான். பக்கத்து சீட் பேக்கிங் செக்ஷன் அம்மா கவலையோடு கேட்டார்: "பார்லித் தண்ணியா? ஒடம்புக்கு இன்னாம்மா?"

அட, நம்மைப் போலவே வினைச்சொல்லின் வால் மாறினால் ஆள் மாறுகிறதே, 'நான்', 'நீ' கூட வேண்டாமே என்று எனக்கு ஏக குஷி. ஆனால் மரியாதையாக 'நீங்கள்' என்பதற்கு அவர்கள் 'அவள்' என்கிறார்களாம்! வந்திறங்கிய இன்ஜினீயர் பாவ்லோ, "நாளைக்கு வருகிறீர்களா?" என்று மேனேஜரைக் கேட்க, "நாளைக்கு அவள் வருகிறாளா?" என்று நான் சொல்லிவைத்தேன்.

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. "எவ?"

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

மெஷினின் பெரிய பாகம் சங்கிலியில் தொங்குகிறது. அது ஆடாமல் இருக்க ஃபிட்டர் தனசேகர் கயிற்றைப் பிடித்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் எண்ணெய் டிரம். எதிர்ப்பக்கம் சுவரோரமாக பாவ்லோ நின்று, போல்ட் துளையைப் பார்க்கிறார். திடீரென்று கத்தினார்:

"தீரா! தீரா!"

'தீரா'வை எனக்குத் தெரியும். மனப்பாடம். தீரோ, தீரி, தீரா... இழுக்கிறேன், இழுக்கிறாய், இழுக்கிறான். சரி, இழுக்கிறான். யார் இழுக்கிறான்? எதை? 'இழு' என்ற கட்டளைக்கும் அதே சொல்தான் என்பது, நான் இன்னும் தொடாத பாடத்தில் இருந்திருக்கிறது!

நான் யோசித்து முடிப்பதற்குள் தனசேகர் ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்து, டிரம் குழாயைத் திறந்துவிட்டார்.

எண்ணெய் கொட்டியது. கயிறு தளர்ந்தது. அத்தனை பெரிய இரும்பு மெதுவாக பாவ்லோ பக்கம் சாய்ந்தது. பின்னால் சுவர்.

"இழுங்க!"

கத்தியது நான்தான். எண்ணெயில் கால் வழுக்க, தனசேகர் கயிற்றோடு அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அந்த உடம்பு பாரத்தில் இரும்பு சாய்வது நின்றது. பாவ்லோ நெஞ்சுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு கைதான் நுழையும்.

"குழாயை ஏன் தொறந்தீங்க?"

"அவுருதானே மேடம் தெற, தெறன்னு கத்துனாரு! நேத்துதான் 'போதும்', 'வா' எல்லாம் சொல்லிக் குடுத்தேன். பரவால்ல, சீக்கிரம் பிக்கப் பண்ணிகினாரேன்னு நெனச்சேன்."

இதை பாவ்லோவுக்கு எந்தக் காலத்தில் சொல்வது? இறந்த காலம் நான் படிக்கவில்லை. "தமிழ் தீரா, திறக்கிறான். இத்தாலி தீரா, இழுக்கிறான்" என்றேன். என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எழுந்ததும் 'தீரா'வுக்குத் தமிழ் 'இழு' என்று கேட்டு, பத்துத் தரம் சொல்லிப் பழகிக்கொண்டார்.

மறுநாள் அதே பாகம், அதே கயிறு. பாவ்லோ கணீரென்று, "இளு! இளு!"

தனசேகர் கயிற்றை இறுகப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"மேடம்... இது இத்தாலியா, தமிழா?"