அப்பா மாற்றாத ட்ரம் செட்

எங்கள் வீட்டில் மேசை ஒன்றுதான் இருந்தது. அது அப்பாவின் ட்ரம் செட் இருந்த அறைக்குள் கிடந்ததால் நாங்கள் மூன்று வேளையும் ட்ரம் செட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். மாரி காலத்தில் அம்மா கழுவிய உடுப்புகளைச் சிம்பல் தாங்கிகளில் காயப்போடுவார். அப்பா அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார். வாசிக்க வேண்டிய நேரம் வந்தால் ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்காருவார்.

அப்பா பகலில் அரிசி மில்லில் எஞ்சின் பார்த்தார். கோயில் திருவிழாக் காலங்களில் மாமாவின் இசைக்குழுவில் ட்ரம் அடித்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாடுவதும் அவர்தான், ஒர்கன் வாசிப்பதும் அவர்தான், குழுவுக்குத் தலைவரும் அவர்தான். அது யுத்த காலம் என்பதால் ஆரையம்பதியிலும் சுற்றுவட்டத்திலும் நிகழ்ச்சிகள் பின்னேரம் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும். கடைசிப் பாட்டு முடிவதற்குள் சனத்தில் பாதிப் பேர் சைக்கிளில் ஏறியிருப்பார்கள். அப்படி இருந்தும் ஊரில் யாரும் அப்பாவை எஞ்சின்காரர் என்று சொல்லவில்லை. ட்ரம்காரர் என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் அவருக்கு எவ்வளவு சந்தோசம் என்பது, கூப்பிட்டதும் அவர் திரும்புகிற விதத்திலேயே தெரியும்.

எங்கள் செட் யப்பானில் செய்தது. கலியாணத்துக்கு முன்பே அப்பா வாங்கியது. மரக்கூடு. அதன் சத்தம் தடிப்பாக, கொஞ்சம் அமுங்கி வரும். தோல்களையும் ஆணிகளையும் பல தடவை மாற்றியிருந்தார், ஆனால் கூட்டில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. அது நல்ல செட் என்பதை மாமாவே ஒத்துக்கொள்வார். கைப்பிள்ளையாக இருந்தபோது அப்பா அதை அடித்தால்தான் நான் நித்திரை கொள்வேனாம்.

அந்த வருசம் மாமாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. அமிர்தகழியில் மாமாங்கத் திருவிழா நடக்கும் நாட்களில் டவுனில் ஒரு பெரிய மேடை. அதுவரை ஊர்க் கோயில்களைத் தாண்டாத குழு அது. அழைப்பு வந்த நாளிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் புது யோசனையோடு வந்தார். அவருடைய கூட்டாளி ஒருவர் மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வந்தபோது அமெரிக்கக் கம்பனி ஒன்றின் ட்ரம் செட்டைக் கொண்டுவந்திருந்தார். வீட்டில் அதை அடிக்க ஆளில்லை. எங்கள் செட்டைக் கொடுத்தால் அதைத் தருவாராம். கொஞ்சம் காசும் மேலதிகமாகக் கொடுக்க வேண்டும், அதை மாமாவே பார்த்துக்கொள்வார். பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு கிழமை எங்கள் வீட்டிலேயே வைத்திருக்கலாம்.

“அந்தப் பேர மேடையில கண்டாலே சனம் வாயப் பொளக்கும் அத்தான். நீங்க அடிக்கவே தேவல்ல” என்றார் மாமா.

“அப்ப நான் வீட்ட நிக்கட்டா?” என்று அப்பா கேட்டார்.

செட் உழவு மெசின் இழுத்துவந்த பெட்டியில் வந்து இறங்கியது. வழியில் சென்றியில் மறித்து ஒவ்வொரு ட்ரம்மையும் இறக்கிப் பார்த்த ஆமிக்காரர்களில் ஒருவர், தானும் இரண்டு அடி அடித்துவிட்டுத்தான் போகவிட்டாராம். நல்ல சிவப்பு நிறம். வெயில் பட்டால் உள்ளே பொடிப்பொடியாக ஏதோ மினுங்கும். குனிந்து பார்த்தால் என் முகம் அதில் தெரிந்தது. பக்கத்தில் எங்கள் மண்ணிறச் செட்டைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வாய் திறக்காத பிள்ளை. வகுப்பில் நான் வந்திருக்கிறேனா இல்லையா என்று டீச்சருக்கே சில நாட்களில் தெரியாது. ஒரே ஒரு விசயத்தில் மட்டும் நான்தான் முதல். எங்கள் பள்ளிக்கூடம் வாவிப் பக்கம் இருந்தது. ஆமி முகாமிலிருந்து வாவிக்கு அப்பால் இருந்த படுவான்கரைக்குச் செல் குண்டு அடிப்பார்கள். சில நாட்களில் அந்தப் பக்கமிருந்தும் வரும். போகிற சத்தமா, வருகிற சத்தமா என்று யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது, முதல் சத்தத்திலேயே மேசைக்குக் கீழே போய்விட வேண்டும் என்று டீச்சர் எங்களைப் பழக்கியிருந்தார். மற்றப் பிள்ளைகள் குனியும்போது நான் கீழே போய் இருந்திருப்பேன். ஒரு நாள் டீச்சர் என்னை எழுப்பி நிற்கவைத்து, “இவவப் பாத்துப் பழகுங்க” என்றார். அதற்கு முன்னும் பின்னும் என்னைக் காட்டி அப்படி யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா சிரித்தார். அப்பா எழும்பிப் போய்ச் சைக்கிளுக்குக் காற்று அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புது செட்டை அடித்துப் பார்த்தார்கள். நான் மேசையில் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படி வாசலில் நின்றார். அப்பா முதலில் காலால் பெரிய ட்ரம்மை மிதித்தார். பிறகு சின்ன ட்ரம்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாம் நன்றாக இருந்தன. கடைசியாக மடிக்கு முன்னால் இருக்கிற ஸ்னேர். எங்களுடையதுபோல மரமில்லை, உலோகக் கூடு. அதில் ஓர் அடி அடித்தார். கூரை ஓட்டிலிருந்து தூசி கொட்டியது.

மாமா கை தட்டினார். அப்பாவுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. “எப்பிடி புள்ள?” என்று என்னைக் கேட்டார்.

“நல்லா இரிக்கிப்பா. இத எடுப்பம்.”

“எங்க நிண்டு சொல்லுறாய்?”

“இஞ்சதான்.”

நான் மேசைக்குக் கீழே இருந்தேன். கையில் பிட்டுக் கோப்பை இருந்தது. ஒரு துளி பிட்டும் சிந்தவில்லை. வெளியே வந்து, கதிரையில் ஏறி, விட்ட இடத்திலிருந்து சாப்பிடத் தொடங்கினேன்.

“மருமகள் கீழ இருந்து வோட்டுப் போடுறா” என்று மாமா சிரித்தார்.

அப்பா இன்னொரு தடவை அடித்தார். நானும் இன்னொரு தடவை கீழே போனேன். எனக்கு அது பயமாகவே தெரியவில்லை. தும்மல் வந்தால் தும்முவதுபோலத்தான். தும்மிய பிறகு அதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? “இன்னொருக்கா அடிங்கப்பா” என்று கீழேயிருந்தே கேட்டேன். அவர் அடிக்கவில்லை. கம்புகளைத் தோலின் மேல் வைத்துவிட்டு எழும்பினார்.

அந்தக் கிழமை முழுவதும் அப்பா மில்லிலிருந்து வந்ததும் புது செட்டோடு மாரடித்தார். ஸ்னேரின் தோலைத் தளர்த்திப் பார்த்தார். செட்டை மற்றச் சுவர்ப் பக்கம் மாற்றிப் பார்த்தார். அம்மாவின் பழஞ்சீலையைக் கிழித்து மேலே போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு, “சும்மா அதில இரி புள்ள” என்பார். என் கருத்தைக் கேட்கிறார் என்றே நினைத்தேன். அதுவரை யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே சொல்ல வேண்டியவற்றை யோசித்து வைப்பேன். சிவப்பு நிறம் தூரத்திலும் தெரியும். சனம் எங்களைப் பற்றிக் கதைக்கும். மாமாவுக்குச் சந்தோசம். ஒரு வருசம் முழுக்கப் பேசாததை அந்தக் கிழமையில் பேசினேன். எங்கே இருந்து பேசினேன் என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

கிழமை முடிய மாமா முடிவு கேட்க வந்தார். ஸ்னேரின் மேல் கிடந்த சீலையைக் கண்டார்.

“என்னத்தான் இது, காய்ச்சல்காரனப் போத்தின மாதிரி? இந்தச் சத்தத்துக்காகத்தானே இத எடுக்கிறம். மூடி அடிக்கிறதெண்டா பழசையே அடிக்கலாமே.”

“நானும் அதத்தான் யோசிக்கிறன்” என்றார் அப்பா.

மாமா முதலில் பகிடி என்று நினைத்தார். பிறகு முகம் மாறியது. “என்ன குறை இதில?”

“பெடல் பாரமா இரிக்கி. கால் நோகுது.”

அம்மாவுக்கே பொறுக்கவில்லை. “நாள் முழுக்க எஞ்சினோட நிக்கிற கால், இதில ரெண்டு மிதி மிதிச்சா நோகுதாமா?” என்றார். அப்பா என் பக்கம் கண்ணைக் காட்டினார். அம்மா என்னைப் பார்த்தார். அப்படியே அடுப்படிக்குப் போய்விட்டார். நான் ஏதோ பிழை செய்துவிட்டேனாக்கும் என்று நினைத்தேன்.

“நான் பச்சையாச் சொல்லுறன் அத்தான்” என்றார் மாமா. “டவுன் மேடைக்கு இந்த செட்தான் போகும். நீங்க அடிக்காட்டி வேற ஆள் அடிப்பான். மறுகா என்னக் குறை சொல்லப்படாது.”

“சொல்லமாட்டன்.”

புது செட் வந்த பெட்டியிலேயே திரும்பிப் போனது. நான் அழுதேன். “நான் நல்லா இரிக்கெண்டுதானே சொன்னன்” என்று அப்பாவிடம் கேட்டேன். “ஓம் புள்ள, நீ சொன்னாய்” என்றார். வாழ்க்கையில் முதன்முதலாக நான் வாய் திறந்து ஒன்றைக் கேட்டேன், அது நடக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு வெகுகாலம் இருந்தது.

மாமா பிறகு கோபம் ஆறி வந்து சேர்ந்துகொண்டார். ஊர்க் கோயில்களில் அப்பா பழைய செட்டோடு மறுபடியும் அடித்தார். ஆனால் டவுன் மேடை அவருக்கு அந்த ஒரு தடவைதான் வந்தது. பெடல் கதையை நாங்கள் எல்லாரும் நம்பினோம், அல்லது நம்பியதுபோல இருந்தோம். எனக்குக் கலியாணமாகி, பிள்ளை பிறந்து, யுத்தமும் முடிந்து, ஒரு கலியாண வீட்டில் பொம்பிளை மாப்பிள்ளை இறங்கும்போது சீனவெடி கொளுத்தினார்கள். என் மகள் குனிந்து பார்த்து, “என்னம்மா தேடுறீங்க மேசைக்குக் கீழ?” என்று கேட்டாள். அப்போதுதான் நான் இருந்த இடம் எனக்கே தெரிந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அடுத்த நாள் அப்பாவுக்கு விருப்பமான கணவாய்க் கறி சமைத்துக்கொண்டு போனேன். என்ன விசேசம் என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

டவுன் மேடை நடந்த அன்று அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். போகாமல் இருந்திருக்கலாம். வெள்ளைச் சேட்டு உடுத்து, மேடைக்கு ஏறுகிறவரைப் போலவே தலை வாரி இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஊர்க்காரர் ஒருவர் எங்களைக் கண்டுவிட்டு, “என்ன ட்ரம்காரர், சனத்துக்குள்ள இரிக்கிறீங்க?” என்று கேட்டார். “இண்டைக்கு லீவு” என்றார் அப்பா.

வெயில் தாழாத நேரம். மேடையில் அந்தச் சிவப்பு செட் மினுங்கியது. அதற்குப் பின்னால் எனக்குத் தெரியாத ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அப்பா எங்களைக் கடைசி வரிசையில் இருத்தி, என்னைத் தன் மடிக்குள் இழுத்துக்கொண்டார். அந்த ஆள் கம்பைத் தூக்கியதும் அப்பாவின் இரண்டு உள்ளங்கைகளும் என் காதுகளை மூடின. எஞ்சின் எண்ணெய் மணக்கும் கைகள். என் தலை அவருடைய நெஞ்சில் அழுந்தியிருந்தது. பாட்டு எங்கோ தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. அவருடைய விரல்கள் மட்டும் என் மண்டையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தன.

மற்ற ஆள் எவ்வளவு நன்றாக அடிக்கிறார் என்று நான் கேட்டுவிடக்கூடாதாம். அப்பாவுக்கு அவ்வளவு பொறாமை என்று நினைத்தேன். திமிறினேன்.

“கைய எடுங்கப்பா. எனக்கு ஒண்டும் கேக்குதில்ல.”

“கொஞ்சம் பொறு புள்ள,” என்றார், “இந்தப் பாட்டு முடியட்டும்.”

அந்தப் பாட்டு முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. அவர் கையை எடுக்கவேயில்லை.