மாங்காய்களுக்குத் தைத்த சட்டை

பார்வதியம்மாள் கிளிகளைப் பெயர் சொல்லித்தான் திட்டுவாள். எல்லாம் அவளுடைய புகுந்த வீட்டார் பெயர்கள். விடிந்ததும் முதலில் வந்து கிளையில் இறங்கும் கிளிக்கு மூத்த நாத்தனாரின் பெயர். ஒரு காயை ஒரே கடி கடித்துக் கீழே தள்ளிவிட்டு அடுத்த காய்க்குப் போகிற கிளிக்குக் கொழுந்தனின் பெயர்.

"திங்கியதுன்னா ஒண்ணத் தின்னுட்டுப் போயேம்ல. நாலு காயில எச்சி வச்சிட்டுப் போகணும்னு ஒனக்கு என்ன கொள்ளை?"

சொல்லிக்கொண்டே கயிற்றை இழுப்பாள். மரத்தில் தொங்கும் பெயின்ட் டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதி அலறும். கிளிகள் எழும்பி எதிர்க் கட்டடத்தின் ஏழாவது மாடிக் கம்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவளுக்கு எப்போது கை வலிக்கும் என்று அவற்றுக்குத் தெரியும்.

மும்பை செம்பூரில் அந்தத் தெருவில் இடிக்காமல் மிச்சமிருந்தது அந்த ஒரு பங்களாதான். அதன் பின்பக்கம் ஒரு மாமரம், ஒரு சப்போட்டா மரம், ஒரு கொய்யா. மதில் சுவரோடு ஒட்டி ஓர் அறை. பார்வதியம்மாளும் மகள் பிரேமலதாவும் பதினோரு வருடமாக அந்த அறையில் இருந்தார்கள். கணவன் டிராம்பேயில் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பெயின்ட் அடிக்கிற வேலையில் இருந்து, மஞ்சள்காமாலையில் போனபோது பிரேமலதா ஆறாம் வகுப்பு. பங்களாக்காரர் மகாதேவன் அவனுக்குத் தெரிந்தவர். "மரத்தைப் பாத்துக்கோ, ரூம்ல இருந்துக்கோ" என்றார். வாடகை என்ற பேச்சே வரவில்லை. மரத்தைப் பார்த்துக்கொள்வதுதான் வாடகை என்று பார்வதியம்மாள் தானாகப் புரிந்துகொண்டாள். காலை ஐந்தரைக்குக் கயிற்றைக் கையில் எடுத்தால் வெயில் ஏறுகிறவரை விடமாட்டாள். சாயங்காலம் மறுபடி. பகலில் அணில். அணிலுக்கு அவள் வைத்திருந்தது மாமனார் பெயர்.

பிரேமலதா அம்மா கயிறு இழுக்கிற நேரத்தில் வெளியே வரமாட்டாள். கல்லூரியில் வீடு எங்கே என்று கேட்டால் பங்களாவின் பெயரைச் சொல்வாள். அதற்குப் பின்னால் என்று சொன்னதில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி. பி.காம் முடித்து ஒன்றரை வருடமாக இங்கே ஒரு மாதம், அங்கே இரண்டு மாதம் என்று அலைந்துகொண்டிருந்தாள்.

போன வருடம் மாங்காயில் பாதியை வவ்வால் கொண்டுபோய்விட்டது. இந்த வருடம் மே மாதக் கடைசியில் மகாதேவனின் பேரனுக்குப் பூணூல், மாட்டுங்காவில் மண்டபம். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக வீட்டு மரத்து மாம்பழம் போட வேண்டும் என்று மகாதேவன் ஆசைப்பட்டார். இருநூறு பேருக்கு இருநூறு பழம். அவருடைய மகன் ஜம்பு, அம்மாவும் மகளும் கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டே அப்பாவிடம் சொன்னான்:

"இந்த வருஷமும் வவ்வாலுக்குத்தான் விருந்துன்னா, இவாளை எதுக்கு வெச்சுண்டிருக்கோம்? அந்த ரூமை இடிச்சா ரெண்டு கார் நிறுத்தலாம்."

மகாதேவன் மறுத்துப் பேசவில்லை. "பாப்போம், பாப்போம்" என்றார்.

பார்வதியம்மாளுக்கு ஒரு வழி உண்டு. மகாதேவனின் பழைய வேட்டிகளைக் கிழித்துப் பை தைத்து, காய் எலுமிச்சை அளவு வந்ததும் கைக்கெட்டுகிற காய்களுக்கெல்லாம் கட்டிவிடுவாள். இந்த வருடம் வேட்டி கேட்டுப் போனால், இருந்த வேட்டி புடவை எல்லாவற்றையும் அந்த வீட்டு மருமகள் தெருவில் வந்த பாத்திரக்காரியிடம் போட்டுவிட்டு ஒரு எவர்சில்வர் இட்லிப் பானை வாங்கியிருந்தாள்.

"நல்ல பானைதான்" என்று பார்வதியம்மாள் திரும்பி வந்து சொன்னாள். "அதக் கொண்டுபோயி மரத்துல கவுத்துனா ஒரு மாங்கா தப்பிக்கும்."

அன்று பிரேமலதா வாசற்படியில் உட்கார்ந்து போனில் தேடினாள். ரத்னாகிரிக்காரர் ஒருவர் மாங்காய்க்குப் பை கட்டுவதை மராத்தியில் விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் கட்டியது காகிதப் பை. காகிதத்தை வவ்வால் கிழிக்காதா, மழை வந்தால் என்னாகும் என்று பிரேமலதாவுக்குத் தோன்றியது. காய்க்குக் காற்று வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்கிய இடத்தில் போனை மூடினாள். தாராவியில் அம்மாவின் தம்பி மாரிசெல்வம் மாமாவின் பட்டறை நினைவுக்கு வந்துவிட்டது. பயணப் பைகளும் பள்ளிப் பைகளும் தைக்கிற இடம். உள்பக்கம் போடுகிற நீலத்துணி, ஒரு புறம் வெள்ளிப்பூச்சு, துண்டு துண்டாக மூட்டையில் கிடக்கும்.

"மாமா, அது வேணும்" என்று போய் நின்றாள்.

"எதுக்குட்டி? காலேஜ் படிச்சிட்டுத் துண்டுத்துணி பொறுக்கவா வந்த?" என்று மாமா சிரித்தார். ஆனால் மிஷினையும் விட்டுக்கொடுத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருநூற்று நாற்பது பை தைத்தாள்.

அம்மா ஒரு பையை வாயருகே வைத்து ஊதிப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுக்குள்ள காத்துப் போவுமா?"

"எம்மா, மழையே போகாது. வவ்வால் பல்லும் போகாது. பக்கா."

"காயி மூச்சு விடாதா?"

"காய் என்ன உன்ன மாதிரி கத்தவா போகுது, மூச்சு விட? நீ சும்மா கட்டும்மா. பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். நான்கு நாளில் அத்தனை காய்க்கும் கட்டி முடித்தாள். பையின் வாயை மெல்லிய கம்பியால் இறுக்கச் சொன்னதும் பிரேமலதாதான்.

வெயிலில் மரம் முழுக்க நீலமாகத் தொங்கியது. கிளிகள் வந்து கொத்திப் பார்த்து, வழுக்கி, கோபமாகக் கத்திவிட்டுப் போயின. வவ்வாலாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாகப் பார்வதியம்மாள் காலையில் உட்கார்ந்து டீ குடித்தாள்.

மகாதேவன் நடைக்குச்சியோடு வந்து அண்ணாந்து பார்த்தார். "பேஷ்! மாங்காய்க்கெல்லாம் சட்டை தெச்சுப் போட்டிருக்கியே பார்வதி. யாரோட யோசனை?"

"பிள்ளதான் சார். போன்ல பாத்துச் சொன்னா."

"அதான் படிப்புங்கறது" என்றார். வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். மாட்டுங்காவில் இன்சூரன்ஸ் ஏஜென்சி நடத்துகிற நண்பரிடம் அங்கேயே நின்று போனில் பேசினார். "கெட்டிக்காரப் பொண்ணு. எங்காத்துலயே வளர்ந்தவ." பிரேமலதா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஜூன் ஒன்றாம் தேதி சேரச் சொல்லிவிட்டார்கள். அன்று அவள் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். தன்னுடைய படிப்பு முதல் தடவையாக எதற்கோ பயன்பட்டிருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

மே முதல் வாரம் அடிமரத்தில் எறும்பு வரிசை ஏறியது. அம்மா அதைக் காட்டினாள். "ஒண்ணே ஒண்ண அவுத்துப் பாப்பமா?"

"அவுத்தா வாசனைக்கு வவ்வால் வந்திரும்மா. இன்னும் பத்து நாள்தான்."

"எறும்பு என்ன நீலத் துணி பாக்கவா ஏறுது?"

"எம்மா, டென்ஷன் பண்ணாத."

பூணூலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, வைக்கோலில் அடுக்கிப் பழுக்கவைப்பதற்காகக் காய் இறக்கினார்கள். முதல் பையைத் தொட்டதும் அம்மாவின் கை நின்றது. பை கொழகொழவென்று இருந்தது. கம்பியைப் பிரித்ததும் கறுப்பாக ஏதோ வழிந்து அவள் முழங்கை வரை ஓடியது. இரண்டாவது பையில் காய் முழுவதும் வெள்ளையாக மாவுப்பூச்சி. மூன்றாவதில் காம்பு அழுகிக் கொட்டை தெரிந்தது. வெயில் வெளியே காய்ந்திருக்கிறது, வெள்ளிப்பூச்சு உள்ளே வேகவைத்திருக்கிறது. இருநூற்று நாற்பதில் தேறியது பதினாறு. புளித்த நாற்றம் பங்களாவின் முன்வாசல் வரை போயிற்று.

எல்லோரும் வந்துவிட்டார்கள். ஜம்பு ஒரு பையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"அரே, க்யா ஹை யே? என்னது இது? லக்கேஜ் துணி. மாங்காயைப் போட்டு பேக் பண்ணியிருக்கா! யாரோட ஐடியாப்பா இது?"

மகாதேவன் பிரேமலதாவின் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா சொன்னே?"

பிரேமலதா வாயைத் திறந்தாள். அந்தக் கணத்தில் என்ன சொல்ல இருந்தோம் என்பது பிறகு எத்தனை தடவை யோசித்தும் அவளுக்குப் பிடிபட்டதில்லை. ஆமாம் என்றா, இல்லை என்றா. அதற்குள் ஏணியிலிருந்து அம்மாவின் குரல் வந்துவிட்டது.

"அவ காயிதப் பைன்னுதான் சார் சொன்னா. வீடியோவுல காயிதந்தான். நாந்தான், தம்பி பட்டறையில சும்மா கெடக்கேன்னு இந்தத் துணிய எடுத்தேன். காத்து வேணும்னு அவ சொல்லத்தான் செஞ்சா. நான் கேக்கல."

பிரேமலதா ஏணியை நிமிர்ந்து பார்த்தாள். காகிதம் என்ற பேச்சை அவள் அம்மாவிடம் எடுத்ததே இல்லை.

"பாத்தியா ஜம்பு, படிச்சவ சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார் மகாதேவன். ஏணியைப் பார்த்து, "தெரியலேன்னா தெரிஞ்சவா சொல்றதைக் கேக்கணும். உனக்கு எதுக்கு இந்த அதிகப்பிரசங்கித்தனம், பார்வதி? என்னோட பேரன் பூணூல்!" என்றார். பிறகு பிரேமலதாவிடம் மட்டும், "நீ மனசுல வெச்சுக்காதே. ஒண்ணாந்தேதி போய்ச் சேந்துடு."

பிரேமலதா தலையாட்டினாள். அவள் செய்தது அவ்வளவுதான். வாய் திறக்காமல் தலையை ஆட்டினாள்.

அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். பூணூலுக்கு வாஷிச் சந்தையிலிருந்து பெட்டி பெட்டியாகப் பழம் வந்தது. அதைத் தாம்பூலப் பைகளில் போட ஆள் போதவில்லை என்று பார்வதியம்மாளைத்தான் கூப்பிட்டார்கள். போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

சாமான்களை டெம்போவில் ஏற்றிய அன்று, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பிரேமலதா சொன்னாள்.

"நான் உண்மையச் சொல்லியிருப்பேம்மா."

"எப்போ?"

பிரேமலதா ஒரு மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "ஒனக்குக் காகிதம்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. பக்கத்துலதான இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"பதினஞ்சு வருசம் படிச்சவளுக்கு நான் என்னத்தச் சொல்ல? மூச்சு விடாதான்னு கேட்டேன். கத்தவா போகுதுன்னு கேட்ட."

"எனக்காக ஏன் பொய் சொன்ன?"

"ஒனக்காகன்னு யாரு சொன்னா?" அம்மா பம்ப் ஸ்டவ்வை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ரூமு எப்படியும் போச்சு. வேலையும் போனா சோத்துக்கு எங்க போவ? கணக்குப் பாத்துத்தான் சொன்னேன். நீ பெருசா நெனச்சு அழுவாத. பாக்கச் சகிக்கல."

தாராவியில் மாமாவின் பட்டறைக்கு மேல் ஒரு சின்ன மாடியறை கிடைத்தது. கீழே பகல் முழுதும் மிஷின் ஓடும். பிரேமலதா மாட்டுங்காவுக்கு வேலைக்குப் போய் வந்தாள். மேசை, நாற்காலி, கழுத்தில் போடப் பட்டையோடு ஓர் அடையாள அட்டை. நல்ல வேலைதான். விட்டுவிடலாமா என்று சில நாள் ரயிலில் தோன்றும். விட்டால் அம்மா சொன்ன பொய் யாருக்குமே உதவாமல் போகும். விடாவிட்டால் மாதா மாதம் அந்தப் பொய்யைத்தான் சம்பளமாக வாங்குகிறோமோ என்றும் தோன்றும். மாமாவிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்று பார்த்தால், பைகளைத் தைத்தது யார் என்று அவருக்கே தெரியும். அவர் ஒன்றும் கேட்பதில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பார்வதியம்மாளிடம் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கேட்பார்கள், அவ்வளவு நல்ல இடத்தை ஏன் விட்டு வந்தாய் என்று. அவளும் சலிக்காமல் சொல்வாள். கிளிக்கும் அணிலுக்கும் வைத்த பெயர்களில் தொடங்கி, கை காலை ஆட்டி, எல்லோரையும் சிரிக்க வைத்துச் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளரும். இப்போது அதில் மகள் காகிதப் பையைக் கையிலேயே கொண்டுவந்து கொடுக்கிறாள். அம்மா அதை வாங்கி அடுப்பில் போட்டு எரிக்கிறாள்.

ஒரு சாயங்காலம் பிரேமலதா இரும்பு ஏணியில் ஏறி வரும்போது கதை முடிகிற இடத்தில் இருந்தது.

"...மூள கெட்டவ நானு, மாங்காய அவிச்சு வச்சேன்!" என்றாள் அம்மா. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நல்லவேள, பிள்ள ஒன்ன மாதிரி இல்ல" என்றாள் ஒருத்தி.

"இல்லல்லா?" என்று பார்வதியம்மாள் திரும்பி, வாசலில் நின்ற மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீயே கேளு. அவளே சொல்லட்டும்."

எல்லோரும் திரும்பினார்கள். கீழே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிரேமலதா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அம்மா இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். பிரேமலதாவும் சிரித்தாள்.