செல்வம் வண்டியின் ஐந்தாவது டயர்

டயர் கடைக்காரனை நல்ல நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. ஃபேரர் பார்க் பக்கத்துச் சந்தில் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன்; கல்யாணத்துக்கோ விமான நிலையத்துக்கோ போகிற வழியில் காற்று இறங்கினால்தான் என் நம்பரைத் தேடுவார்கள். அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. வண்டியை அனுப்பிவிட்டு, செங்காங்கில் என் வீட்டு லிஃப்ட் வரை போனபின், அந்த நட்டை முடுக்கினேனா இல்லையா என்று நிற்பது. ஸ்பேனர் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஒரு விரல் உயரம்

காட்டுப்பாதை வண்டிகளுக்குப் பெரிய டயர் போடுவதுதான் இப்போது என் முக்கிய வேலை. காடே இல்லாத ஊரில் இது எப்படி ஓடுகிறது என்று கேட்காதீர்கள். நானும் என்னையே கேட்டுக்கொள்வதுண்டு.

தஞ்சோங் பகாரில் வேலை பார்க்கும் ஒருவர் பளபளப்பான ஜீப் கொண்டுவந்தார். படத்தில் பார்த்த மாதிரியே வேண்டும் என்றார். கூரையில் சாமான் கட்டும் கம்பிச்சட்டம் இருப்பதைப் பார்த்தேன். புது டயர் வண்டியை எவ்வளவு தூக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவர் சந்தோஷமாக இருந்தார், நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலையே அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கார் பார்க் உயரத் தடுப்பில் சட்டம் இடித்துக்கொண்டது. பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹார்ன் அடித்திருக்கின்றன. மறுநாள் வளைந்த சட்டத்தோடு வந்தவர் சத்தம் போடவில்லை.

"நீங்க டயரப் போட்டீங்க லா. எல்லாரும் வீட்டுக்குப் போற வழிய நான் அடைச்சிட்டேன்."

நாலு போதும் என்பவர்கள்

பெரிய டயர் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் நான்கோடு நிறுத்திக்கொள்வார்கள். பின்கதவில் தொங்கும் ஸ்பேர் பழைய சின்ன டயராகவே இருக்கும். இந்த ஊரில் பஞ்சர் ஆனால் இழுவை வண்டி வந்துவிடும், பிறகு ஐந்தாவது எதற்கு என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் சேற்றில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது ஒன்று மட்டும் சின்னதாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும், கியர் பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

நான் சொல்லாமலே ஐந்து வாங்கிய ஒரே ஆள் செல்வம். நாற்பத்தைந்து வயது, ஏதோ ஓர் அலுவலகத்தில் கணினி வேலை. பெரிய ஸ்பேர் பின்கதவில் லேசில் உட்காராது. தாங்கியை வெளியே தள்ளி, பிரேக் விளக்கை மேலே ஏற்றி, கதவுக் கீல்களை மாற்றி, ஒரு நாள் முழுக்க நானே செய்தேன். அளவெடுத்து ஒரு துணி உறையும் தைக்கக் கொடுத்தோம்.

உங்களுக்கு எதற்கு இவ்வளவும் என்று கேட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம், குளுவாங் தாண்டி உள்ளே, பனை எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவருடைய அண்ணன் இருக்கிறாராம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் பக்கத்து வீட்டு வேன் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும். சனிக்கிழமை அந்த வேன் கிடையாது, செல்வம்தான். மழை பெய்தால் அந்த மண்பாதையில் சாதாரண வண்டி போகாது.

"நாலு டயர் எனக்குண்ணே. அஞ்சாவது எங்க அண்ணனுக்கு."

பரிசோதனை வாரம்

பெரிய டயரோடு போனால் வண்டி வருடாந்திரப் பரிசோதனையில் தேறாது. அதனால் அதற்கு முன்பு எங்களிடம் வந்து பழைய டயர்களை மாட்டிக்கொண்டு போவார்கள். முடிந்ததும் திரும்ப வந்து பெரியதை மாட்டிக்கொள்வார்கள். பெருமைப்படுகிற விஷயமில்லை. நாங்கள் எல்லோரும் செய்கிறோம்.

செல்வத்தின் வண்டியும் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஐந்தையும் கழற்றி வைத்துவிட்டுப் பழைய ஐந்தை மாட்டினோம். வியாழக்கிழமை தேறிவிட்டுத் திரும்பி வந்தபோது கடையில் நல்ல கூட்டம். என்னோடு பத்து வருடமாக இருக்கும் அறந்தாங்கிப் பாண்டியன் நான்கு சக்கரத்தையும் மாட்டினான். பின்கதவு எப்போதும் என் வேலை. உறை தொளதொளவென்று தொங்கியதைப் பார்த்தேன். அதன் கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டேன். உள்ளே இருந்தது சின்ன டயர் என்பது என் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கவனம் அடுத்த வண்டியில் இருந்தது.

செல்வம் அவசரத்தில் இருந்தார். ஏறி உட்கார்ந்தபின் கண்ணாடியை இறக்கினார்.

"ரெண்டு வாரமா மழைண்ணே. இந்தச் சனிக்கிழமை எப்படியும் வந்துடுவேன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை

மறுநாள் மதியம், புதிதாக வந்திறங்கிய டயர் அடுக்கை நகர்த்தினோம். பின்னால் அது நின்றது. என் கையெழுத்திலேயே சாக்பீஸில் 'செல்வம் 5'.

போனை எடுத்தேன். அவர் பெயர் வரை போய்விட்டு வைத்துவிட்டேன். என்னவென்று சொல்வது? மறந்துவிட்டேன் என்றா? முப்பது வருடத் தொழிலில் அந்த வார்த்தையை எந்த வாடிக்கையாளரிடமும் நான் சொன்னதில்லை. ஸ்பேரை யார் எடுக்கப்போகிறார்கள், அடுத்த வாரம் கூப்பிட்டு ஏதாவது சொல்லி மாட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். பாண்டியன் என் முகத்தையும் அந்த டயரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"போன் பண்ணிடுங்க பாஸ். திட்டுனா திட்டிட்டுப் போறாரு. நாளைக்குச் சனிக்கிழமை."

நான் பண்ணவில்லை.

பழைய டயர்

நான்கு வாரம் கழித்துச் செல்வம் வந்தார். தலை மழித்திருந்தது.

நடந்ததை அவராகவே சொன்னார். அந்தச் சனிக்கிழமை அண்ணனை ஏற்றிக்கொண்டு தோட்டத்தை விட்டு வரும்போது, வெட்டிப் போட்டிருந்த செம்பனை மட்டையின் முள் முன் டயரின் பக்கவாட்டில் ஏறிவிட்டது. மழையில் இறங்கி உறையைப் பிரித்திருக்கிறார். சின்ன டயர். வேறு வழியில்லாமல் அதையே மாட்டி ஓட்டினார். சேற்றில் வண்டி சாய்ந்து ஓரத்துக் கால்வாயில் இறங்கிவிட்டது. டிராக்டர் வந்து இழுக்க நான்கு மணி நேரம். அதற்குள் டயாலிசிஸ் முறை போய்விட்டது. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு மூச்சுத் திணறல். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார், பிறகு இல்லை. இதயம் ஏற்கெனவே பலவீனமாகத்தான் இருந்தது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். டாக்டர் அப்படிச் சொன்னாரா, எனக்காக இவர் சொல்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த மண்பாதையில் இனி தனக்கு வேலையில்லை, பழைய டயர்களையே போட்டுவிடுங்கள் என்றார். நானே குனிந்து மாட்டினேன். கடைசி நட்டை முடுக்கிய பிறகுதான், தலை நிமிராமல், வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். போனை எடுத்துவிட்டுப் பண்ணாமல் வைத்ததையும் சொன்னேன்.

அவர் பின்கதவுப் பக்கம் போய் நின்றார்.

"உறை தொளதொளன்னு இருந்தத நானும் பார்த்தேண்ணே. நீங்க போட்ட முடிச்சுதானேன்னு பிரிச்சுப் பார்க்கல."

இப்போது எந்த வண்டி வெளியே போனாலும் ஒவ்வொன்றாகத் தொட்டு ஐந்து வரை எண்ணுகிறேன். முப்பது வருடத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட கணக்கு அவ்வளவுதான்.